திரும்பப் பெற்ற மசோதா. திரும்பப் பெற முடியாத மரபணு

புது தில்லி: மணிப்பூர் விவகாரத்தால் மக்களவை அமளியில் மூழ்கியிருந்த 2023 ஜூலை 24-ம் தேதி, அலுவல் பட்டியலில் இருந்த ஓர் இனம் சத்தமின்றி முடிந்துபோனது. டி.என்.ஏ. தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதாவை மத்திய அரசு அன்று திரும்பப் பெற்றுக்கொண்டது. அறிவியல் தொழில்நுட்பத் துறை இணை அமைச்சர் ஜிதேந்திர சிங் இதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எதிர்க்கட்சிகளின் கவனம் வேறு இடத்தில் இருந்தது.

ஆந்திரமும் தெலங்கானாவும் ஒரே மாநிலமாக இருந்த காலத்தில், ஹைதராபாத் விஞ்ஞானிகளின் பங்களிப்புடன் முதல் வரைவு உருவான மசோதா அது. ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் கோப்புகளிலும் குழுக்களிலும் சுற்றித் திரிந்து கடைசியில் வந்த வழியே திரும்பிச் சென்றது. மசோதாவின் பெரும்பாலான அம்சங்கள் 2022-ல் நிறைவேறிய குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டத்திலேயே அடங்கிவிட்டன என்பது அரசுத் தரப்பு விளக்கம்.

இந்த விளக்கம் பாதிதான் உண்மை. குற்றம் சாட்டப்பட்டவர், காணாமற்போனவர், அடையாளம் தெரியாத சடலம் ஆகியவர்களின் மரபணுவைப் பற்றித்தான் நாடாளுமன்றம் இத்தனை ஆண்டுகளாகப் பேசிவந்துள்ளது. தானே காசு கொடுத்து, ஒரு குப்பியில் எச்சிலைத் துப்பி, கூரியரில் அனுப்பிவைக்கும் சாதாரணக் குடிமகனின் மரபணுவைப் பற்றிப் பேசவே இல்லை. மசோதா இருந்தபோதும் அவருக்குப் பாதுகாப்பு இல்லை. போன பிறகும் இல்லை.

கொண்டாப்பூர் போன்ற இடங்களில்தான் அந்தக் குடிமகன் வசிக்கிறார். ஹைதராபாதின் மேற்குப் பகுதியில் மாதாப்பூர், கச்சிபௌலி, ஹைடெக் சிட்டி ஆகியவற்றை ஒட்டி அமைந்த பகுதி இது. கால் நூற்றாண்டுக்கு முன்புவரை நகரத்தின் விளிம்பாக இருந்தது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கணினி நிறுவன ஊழியர்களும் நிறைந்த இடம்; தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குச் சென்றவர்களும் கணிசமாக உள்ளனர். 2013-ல் ஹைதராபாதிலேயே தொடங்கப்பட்ட மேப்மைஜீனோம் உள்ளிட்ட பல நிறுவனங்கள் மரபணுச் சோதனையை நேரடியாக நுகர்வோருக்கே விற்கின்றன. சர்க்கரை நோய் வர வாய்ப்பு உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பிறக்கப்போகும் குழந்தைக்குப் பரம்பரை நோய் கடத்தப்படுமா என்பன போன்ற கேள்விகளுக்குச் சில ஆயிரம் ரூபாயில் அறிக்கை கிடைக்கிறது. பயனுள்ள சேவைதான். அறிக்கை வந்த பிறகு எஞ்சிய எச்சில் என்ன ஆகிறது, அதிலிருந்து எடுத்த தகவல் யாரிடம் எத்தனை ஆண்டுகள் இருக்கும், அது காப்பீட்டு நிறுவனத்தின் மேஜைக்குப் போனால் யாரிடம் முறையிடுவது என்ற கேள்விகளுக்குத்தான் பதில் இல்லை.

ஹைதராபாதும் டி.என்.ஏ.வும்

கொண்டாப்பூருக்கு நகரின் எதிர்க்கோடியில், உப்பல் சாலையில் இருக்கிறது உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், சுருக்கமாக சி.சி.எம்.பி. இந்திய நீதிமன்றங்களுக்கு மரபணு ரேகையை அறிமுகப்படுத்தியது இந்த நிறுவனம்தான். அங்கு விஞ்ஞானியாகவும் பின்னர் இயக்குநராகவும் இருந்த லால்ஜி சிங், 1980-களின் இறுதியில் உள்நாட்டிலேயே இதற்கான முறையை உருவாக்கினார். கேரளத்தின் தலைச்சேரியில் ஒரு குழந்தையின் தந்தை யார் என்ற வழக்கில் இச்சோதனை பயன்படுத்தப்பட்டது. அதை 1991-ல் கேரள உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ராஜீவ் காந்தி படுகொலை வழக்கில் சிதறிய உடல்களை அடையாளம் காண சி.சி.எம்.பி.யின் உதவி நாடப்பட்டது. தமிழக வாசகர்களுக்கு இன்னொரு வழக்கும் நினைவிருக்கலாம். திருச்சியை அடுத்த ஆசிரமத்தின் பிரேமானந்தா மீதான வழக்கில், கருவின் தந்தை யார் என்பதைக் காட்டியதும் ஹைதராபாத் சோதனையே. புதுக்கோட்டை நீதிமன்றம் 1997-ல் வழங்கிய தண்டனையை 2005-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அனாதைச் சிறுமிகளின் வாய்மொழியை நம்ப மறுத்த பலரும் மரபணுவின் சாட்சியத்தை மறுக்க முடியாமல் நின்றனர்.

இத்தகைய வெற்றிகளின் அடிப்படையில் மத்திய அரசு தனியாக மரபணு ரேகை மற்றும் நோய் கண்டறியும் மையத்தை அதே நகரில் ஏற்படுத்தியது. அந்த மையமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2007-ல் தயாரித்ததே முதல் வரைவு. 2012-லும் 2015-லும் அது திருத்தப்பட்டது. 2017 ஜூலையில் சட்ட ஆணையம் தனது 271-வது அறிக்கையில் புதிய வரைவை அளித்தது. 2018 ஆகஸ்டில் மசோதா மக்களவையில் அறிமுகமாயிற்று.

அது மக்களவையில் நிறைவேறிய நாள் 2019 ஜனவரி 8. பொருளாதாரத்தில் பின்தங்கிய பொதுப்பிரிவினருக்கு 10 சதவீத இடஒதுக்கீடு அளிக்கும் அரசியல் சட்டத் திருத்தமும், குடியுரிமைச் சட்டத் திருத்த மசோதாவும் அவையில் நிறைவேறியது அதே நாளில்தான். அந்த இரண்டின் இரைச்சலில் மூன்றாவதை யார் கவனித்திருப்பார்கள்? மாநிலங்களவையில் நிறைவேறும் முன் மக்களவையின் ஆயுள் முடிந்து மசோதா காலாவதியானது. ஆறு மாதம் கழித்து, ஜூலை 8-ல், மீண்டும் அறிமுகம்.

இம்முறை மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான அக்குழு 2021 பிப்ரவரியில் அளித்த அறிக்கை, அண்மைக் கால நிலைக்குழு அறிக்கைகளில் ஊன்றிப் படிக்கத்தக்க ஒன்று. மரபணுத் தகவல் வங்கி உருவானால் சாதி, மதம், அரசியல் கருத்து ஆகியவற்றின் அடிப்படையில் சிலரைக் குறிவைக்க அது பயன்படலாம் என்ற அச்சம் அடியோடு ஆதாரமற்றதல்ல என்று குழு கருதியது. மாநிலந்தோறும் தகவல் வங்கி வேண்டாம், தேசிய அளவில் ஒன்று போதும் என்றது. ஹைதராபாத் உறுப்பினர் அசாதுதீன் ஒவைசியும், இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் பினோய் விஸ்வமும் மாறுபட்ட குறிப்பு எழுதினர். தலித்துகள், பழங்குடியினர், முஸ்லிம்கள் ஆகியோரே சிறைகளில் அளவுக்கு மீறி உள்ளனர். எனவே வங்கியிலும் அவர்களே நிறைவார்கள் என்பது அவர்களது வாதத்தின் சாரம்.

தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை முதலில் கொண்டுவாருங்கள், பிறகு மரபணுவைப் பற்றிப் பேசலாம் என்பதும் எதிர்க்கட்சிகள் தொடர்ந்து எழுப்பிய கோரிக்கை. அந்தக் கோரிக்கை நிறைவேறிய விதம் விசித்திரமானது. அதைப் பின்னர் பார்க்கலாம்.

எழுபத்தைந்து ஆண்டுகள்

மசோதா திரும்பப் பெறப்பட்டதால் காவல்துறையின் கை கட்டப்பட்டுவிடவில்லை. 2022 ஏப்ரலில் இரு அவைகளும் நிறைவேற்றிய அடையாளம் காணுதல் சட்டம், கைரேகை, கண் கருவிழி ஆகியவற்றுடன் 'உயிரியல் மாதிரிகளும் அவற்றின் பகுப்பாய்வும்' என்ற சொற்களையும் சேர்த்துக்கொண்டது. டி.என்.ஏ. என்ற சொல் அதில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. திரட்டிய விவரங்களைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். விடுதலையானவரின் விவரங்கள் அழிக்கப்பட வேண்டும் என்ற பிரிவு உண்டு. நீதித்துறை நடுவர் காரணம் காட்டி வேறுவிதமாக உத்தரவிடாவிட்டால்.

மசோதாவில் இருந்த நல்ல அம்சங்கள்தான் இதனால் காணாமற்போயின. ஆய்வகங்களுக்குக் கட்டாய அங்கீகாரம், மாதிரிகளைக் கையாளும் தர விதிகள், இவற்றைக் கண்காணிக்க ஓர் ஒழுங்குமுறை வாரியம் ஆகியவை அதில் இருந்தன. அவற்றின் இல்லாமை என்ன விளைவை ஏற்படுத்தும் என்பதை இரண்டே ஆண்டுகளில் தேனி மாவட்ட வழக்கு ஒன்று காட்டியது. சுருளி அருவி அருகே 2011-ல் இளம் ஜோடி ஒன்று கொல்லப்பட்ட வழக்கில் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதை உறுதி செய்திருந்தது. 2025 ஜூலை 15-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மரபணு மாதிரிகள் கைமாறிய விதத்திலும் பாதுகாக்கப்பட்ட விதத்திலும் இருந்த ஓட்டைகள் முக்கியக் காரணம்.

தூக்குமேடை வரை சென்று ஒருவர் திரும்பியிருக்கிறார். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கோ பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் விடை இல்லை.

நாடு முழுவதும் ஒரே சீரான நடைமுறை இல்லை என்பதைக் கண்ட நீதிபதிகள் தாங்களே விதிகளை வகுத்தனர். மாதிரியை எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றி உறையைத் திறக்கக் கூடாது. யார் கையில் எப்போது இருந்தது என்பதற்குப் பதிவேடு வேண்டும் என்பன அவற்றுள் சில. நாடாளுமன்றம் பதினாறு ஆண்டுகளில் எழுதாத விதிகள் ஒரு கொலை வழக்கின் தீர்ப்பில் எழுதப்பட்டன.

காசு கொடுத்தவரின் நிலை

குற்ற வழக்கில் சிக்கியவருக்கு நீதிமன்றமாவது இருக்கிறது. கொண்டாப்பூரில் சோதனை செய்துகொள்ளும் மென்பொருள் பொறியாளருக்கு என்ன இருக்கிறது?

'மரபணு ஆய்வகம்', 'மரபணு ஆலோசனை மையம்' என்ற சொற்களுக்கு விளக்கம் அளித்து, பதிவைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டம் இந்தியாவில் உண்டு. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டமே அது. பெண் சிசுக்கொலையின் பின்னணியில் பிறந்த அச்சட்டத்தின் கண் கருவறை மீது மட்டுமே உள்ளது. பிறந்து வளர்ந்து சம்பாதிக்கும் மனிதனின் மரபணு அதன் வரம்பில் வராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டுதல்கள் விரிவானவை. சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தேவை என்பதை வலியுறுத்துபவை. ஆனால் அவை ஆராய்ச்சிக்காக எழுதப்பட்டவை. வணிகச் சோதனையில் அவற்றை மீறினால் தண்டிக்கும் சட்டம் இல்லை. ஆய்வகத் தரச் சான்று பெறுவதும் பெரும்பாலும் விருப்பத்தைப் பொருத்தது.

காப்பீட்டுத் துறையில் இந்த வெற்றிடத்தின் ஆழம் தெரியும். 2009-ல் வெளியான ஓர் ஆய்வைக் குறிப்பிட வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பயின்ற பி.எஸ். தண்டபாணி, சி.சி.எம்.பி. விஞ்ஞானி கே. தங்கராஜ் உள்ளிட்டோர் நடத்திய அந்த ஆய்வு, இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றத்தைப் பற்றியது. இந்தியர்களில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடம் இந்த மாற்றம் இருப்பதாகவும், வயது ஏற ஏற இதயத் தசை நோய்க்கான ஆபத்தை இது கூட்டுவதாகவும் அக்குழு கண்டது. இன்றைய மக்கள்தொகையில் 4 சதவீதம் என்பது ஐந்தரைக் கோடி பேர். அவர்களில் எல்லோருக்கும் நோய் வரப்போவதில்லை. பலர் முதுமைவரை நலமாக வாழ்ந்து வேறு காரணத்தால் இறப்பார்கள். ஆனால் அறிக்கையில் அந்த ஒரு வரி ஏறிவிட்டால், காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் அவர் 'ஆபத்தான வாடிக்கையாளர்'.

இது கற்பனை அல்ல. இதயத் தசைத் தடிப்பு நோயால் பாதிக்கப்பட்ட பாலிசிதாரர் ஒருவரின் சிகிச்சைச் செலவை, 'மரபணுக் கோளாறுகளுக்கு இழப்பீடு இல்லை' என்ற விதியைக் காட்டிப் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் மறுத்தது. 2018 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி பிரதிபா எம். சிங், அவ்விதி மிகப் பரந்ததாகவும் தெளிவற்றதாகவும் பாரபட்சமானதாகவும் உள்ளது என்று கூறி, அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தார். சர்க்கரை நோய், இதய நோய், பல புற்றுநோய்கள் என எதில்தான் மரபணுவின் பங்கு இல்லை? அந்த விதியை அப்படியே ஏற்றால் காப்பீடு எடுப்பதற்கே பொருள் இல்லை.

அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மரபணுக் கோளாறு என்ற காரணத்தால் கோரிக்கைகளை நிராகரிக்கக் கூடாது, புதிய பாலிசிகளில் அந்த விலக்கைச் சேர்க்கக் கூடாது என்றது. வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. வரவேற்கத்தக்க மாற்றமே. எனினும் சுற்றறிக்கை தீர்த்தது பாதிக் கேள்வியைத்தான். நோய் வந்த பின் பணம் மறுப்பது ஒன்று. நோயே வராத நிலையில், சோதனை அறிக்கையைக் கேட்டுப் பெற்று பிரீமியத்தை உயர்த்துவது வேறொன்று. இரண்டாவதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. வேலைக்கு எடுக்கும்போது நிறுவனம் அத்தகைய அறிக்கையைக் கேட்கக் கூடாது என்று சொல்லும் சட்டமும் இல்லை.

அமெரிக்காவில் 2008-லேயே மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்துவிட்டது. மருத்துவக் காப்பீட்டிலும் வேலைவாய்ப்பிலும் மரபணுத் தகவலைப் பயன்படுத்த அது தடை விதிக்கிறது. ஆயுள் காப்பீடு அதில் சேரவில்லை. குறையுள்ள சட்டம்தான், ஆனாலும் முறையிட ஒரு வாசல் இருக்கிறது.

அண்ணன் துப்பினால் தம்பிக்கும்

மரபணுவில் 'என் தகவல், என் விருப்பம்' என்ற வாதம் முழுமையாகச் செல்லுபடியாகாது. உடன்பிறந்த இருவர் சராசரியாகப் பாதி மரபணுவைப் பகிர்ந்துகொள்கின்றனர். அண்ணன் சோதனைக்கு ஒப்புதல் அளித்தால், ஊரில் இருக்கும் தம்பியைப் பற்றியும் தங்கையின் குழந்தையைப் பற்றியும் ஓரளவு தெரிந்துவிடும். அவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை.

2023-ல் அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்தில் நடந்த திருட்டு இதற்குச் சரியான சாட்சி. திருடர்கள் நேரடியாகத் திறந்தது ஏறத்தாழ 14 ஆயிரம் கணக்குகளை மட்டுமே. உறவினரைக் கண்டறியும் வசதியின் வழியாக 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தபோது, சுமார் ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் மரபணுத் தகவல் கடன்காரர்களுக்கு முன் ஒரு சொத்தாக நின்றது. இறுதியில் நிறுவனத்தின் இணை நிறுவனர் ஆன் வோஜ்சிட்ஸ்கி தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு அதை 30 கோடி டாலருக்குச் சற்று அதிகமாகக் கொடுத்து வாங்கியது. வேறு யாராவது வாங்கியிருந்தால்? கடவுச்சொல் திருடப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை மாற்றிக்கொள்ள வழியில்லை.

இந்தியாவில் இந்தப் பிரச்சினை குடும்பத்தோடு நிற்பதில்லை. சாதிக்கும் சமூகத்துக்கும் பரவுகிறது. நூற்றாண்டுகளாக அகமண முறை நிலவுவதால், ஒரு குறிப்பிட்ட பரம்பரைக் கோளாறு ஒரு குறிப்பிட்ட சமூகத்தில் அதிகம் காணப்படுவது இங்கு சாதாரணம். தங்கராஜ் உள்ளிட்டோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்து, அவற்றில் 81 சமூகங்கள் ஒரு சிறு மூதாதையர் குழுவிலிருந்து பெருகியவை என்பதற்கு வலுவான அறிகுறிகளைக் கண்டது. அறுவைச் சிகிச்சையின்போது தரப்படும் ஒருவகைத் தசைத் தளர்த்தி மருந்து, ஆரிய வைசிய சமூகத்தைச் சேர்ந்த சிலருக்கு நீண்ட நேரம் செயலிழப்பை ஏற்படுத்துவது ஆந்திர, தெலங்கானா மயக்க மருந்து நிபுணர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த செய்தி. அறிந்து வைத்திருந்தால் உயிர் காக்கும் தகவல் இது. அதே வகைத் தகவல் திருமணத் தரகரின் கையிலோ காப்பீட்டு முகவரின் கையிலோ சேர்ந்தால் ஒரு சமூகத்தின் மீதே முத்திரை குத்தப்படும்.

நீலகிரி மலையில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். இந்தியாவில் அரிவாள் செல் ரத்தசோகை முதன்முதலில் அறியப்பட்டது 1952-ல், நீலகிரிப் பழங்குடியினரிடையே. அதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கத்தைப் பிரதமர் மோடி 2023 ஜூலை 1-ம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கிவைத்தார். தமிழகமும் தெலங்கானாவும் உட்பட 17 மாநிலங்களில் 7 கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. 2025-க்குள் 6 கோடிக்கு மேல் சோதிக்கப்பட்டுவிட்டனர். சோதிக்கப்பட்டவருக்கு அவரது மரபணு நிலையைக் காட்டும் அட்டை வழங்கப்படுகிறது. நோய்க்கூறு உள்ள இருவர் மணந்தால் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதை முன்கூட்டியே அறிந்துகொள்ளட்டும் என்பதே நோக்கம்.

நோக்கத்தில் குறை காண முடியாது. நாற்பது வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் ஓர் அட்டையின் ரகசியம் எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் கேள்வி. பையனிடம் நோய்க்கூறு இருந்தால் விதி என்பார்கள். பெண்ணிடம் இருந்தால் அவள் வீட்டு வாசலுக்குச் சம்பந்தம் பேச யாரும் வரமாட்டார்கள். அட்டையைக் கொடுக்கும் அளவுக்கு வேகமாக ஆலோசகர்களை நியமிக்கவும் அரசு முனைய வேண்டும். நோய்க்கூறு இருப்பது நோய் அல்ல என்பதை அவர்கள் மொழியில் உட்கார்ந்து விளக்க ஆள் வேண்டும்.

நீதிமன்றங்கள் இந்த ஆபத்தை ஓரளவு உணர்ந்துள்ளன. விவாகரத்து வழக்கில் மனைவியின் நடத்தையை நிரூபிக்கக் குழந்தைக்கு டி.என்.ஏ. சோதனை கேட்ட ஒருவரின் கோரிக்கையை, நீதிபதிகள் வி. ராமசுப்பிரமணியன், பி.வி. நாகரத்னா அமர்வு 2023 பிப்ரவரியில் ஏற்கவில்லை. தன் மரபணுத் தகவலைக் காத்துக்கொள்ளும் உரிமை குழந்தைக்கும் உண்டு என்பது அத்தீர்ப்பின் மையம்.

மறுபக்கமும் உண்டு. 2025 ஜூலையில் செகந்திராபாதில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் மீது எழுந்த புகார் நாட்டையே அதிர வைத்தது. வாடகைத் தாய் மூலம் பிறந்ததாகச் சொல்லித் தரப்பட்ட குழந்தை தங்களுடையது அல்ல என்பதை ஒரு தம்பதி கண்டுபிடித்தது, தில்லியில் சொந்தமாகச் செய்துகொண்ட டி.என்.ஏ. சோதனை மூலம்தான். ஏழைப் பெற்றோரிடமிருந்து அக்குழந்தை விலைக்கு வாங்கப்பட்டது என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. தனியார் சோதனையே கூடாது என்று கதவை அடைப்பவர்கள் இந்தத் தம்பதியையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

விடுபட்ட ஒரு சொல்

தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு வருவோம். டி.என்.ஏ. மசோதா திரும்பப் பெறப்பட்ட அதே கூட்டத்தொடரில், இரண்டே வாரம் கழித்து, ஆகஸ்ட் 7-ம் தேதி, எண்ம முறைத் தனிநபர் தகவல் பாதுகாப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது. எதிர்க்கட்சிகள் கேட்ட சட்டம் வந்தது. ஆனால் எதைப் பாதுகாக்கக் கேட்டார்களோ அது அதில் இல்லை. 2019 டிசம்பரில் அறிமுகமான முந்தைய வரைவு 'மரபணுத் தகவல்' என்பதைக் குறிப்பிட்டு, அதை உணர்வு மிக்க தகவல் எனத் தனிப் பிரிவில் வைத்திருந்தது. 2023 சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. எல்லாத் தனிநபர் தகவலும் ஒன்றே. கடைக்காரரிடம் கொடுத்த செல்பேசி எண்ணும், ஆய்வகத்திடம் கொடுத்த மரபணுவும் சட்டத்தின் முன் சமம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிகளில் மருத்துவப் பதிவுகளும், டி.என்.ஏ.வை உள்ளடக்கிய உடற்கூறு அடையாளங்களும் உணர்வு மிக்க தகவல் என்ற பட்டியலில் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, அந்த விதிகளுக்கு அடிப்படையான பழைய பிரிவு நீங்கிவிடும். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் தொடங்குவதே 18 மாதங்களுக்குப் பிறகுதான், அதாவது 2027-ல்.

இன்னொரு ஓட்டை அதிகம் பேசப்படவில்லை. இச்சட்டம் கணினியில் ஏறிய தகவலுக்கு மட்டுமே பொருந்தும். குப்பியில் இருக்கும் எச்சில் கணினித் தகவல் அல்ல. அறிக்கையை அழிக்கச் சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. குளிர்பதனப் பெட்டியில் எஞ்சியிருக்கும் மாதிரியை அழிக்கச் சொல்லும் உரிமையை இச்சட்டத்தில் தேடினால் கிடைக்காது. மாதிரி இருக்கும்வரை தகவலை எத்தனை முறை வேண்டுமானாலும் மீண்டும் எடுக்கலாம்.

அரசின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பத்தாயிரம் இந்தியர்களின் முழு மரபணுத் தொகுப்பை வாசிக்கும் ஜீனோம் இந்தியா திட்டம், சி.சி.எம்.பி. உட்பட 20 நிறுவனங்களின் உழைப்பில் முடிந்து, அதன் தரவுகள் 2025 ஜனவரி 9-ல் ஆய்வாளர்களுக்காகத் திறக்கப்பட்டன. ஃபரீதாபாதில் உள்ள தரவு மையத்தில் அவை உள்ளன. ஐரோப்பியர்களின் மரபணுவை வைத்து எழுதப்பட்ட மருத்துவத்தை நமக்குப் பொருத்திப் பார்க்கும் நிலை மாற இத்தகைய திட்டம் அவசியம். கெடுபிடிகள் அதிகமானால் ஆராய்ச்சி முடங்கும் என்று விஞ்ஞானிகள் அஞ்சுவதிலும் பொருள் இருக்கிறது. ஆனால் மாதிரி கொடுக்க மக்கள் முன்வர வேண்டுமானால், கொடுத்ததால் கெடுதி வராது என்ற உறுதி அவர்களுக்கு வேண்டும். அந்த உறுதியை விஞ்ஞானி அளிக்க முடியாது. சட்டம்தான் அளிக்க முடியும்.

அதற்குப் பெரிய மசோதா ஒன்றும் தேவையில்லை. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களைக் காப்பீட்டிலும் வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக் கூடாது என்று 2017-ல் இதே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு மனநலச் சட்டம், மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்றது. மரபணு என்ற சொல்லுக்கு அத்தகைய பிரிவுகள் சில போதும். முட்டுக்கட்டை வேறிடத்தில் உள்ளது. ஆய்வகம் சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு, காப்பீடு நிதி அமைச்சகத்துடையது, தகவல் பாதுகாப்பு தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துடையது, டி.என்.ஏ. என்ற சொல்லோ அறிவியல் அமைச்சகத்துக்குச் சொந்தம். நான்கு வாசல்களில் எதைத் தட்டினாலும் அடுத்த வாசலைக் காட்டுகின்றனர். 2025 இறுதிவரை நுகர்வோர் மரபணுச் சோதனைக்கென ஒரு மசோதாவை எந்த அமைச்சகமும் அவையில் வைக்கவில்லை.

கொண்டாப்பூர் அமைந்துள்ள சேரிலிங்கம்பள்ளி, ஒவைசியின் ஹைதராபாத் தொகுதியில் இல்லை. செவெள்ளா மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் தனிநபர் மசோதா கொண்டுவரும் உரிமை செவெள்ளா உறுப்பினருக்கும் உண்டு, மதுரை, நீலகிரி உறுப்பினர்களுக்கும் உண்டு. அதற்கும் முன்பாக, தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 10-வது பிரிவின்படி, தகவலின் அளவையும் உணர்வுத்தன்மையையும் கருதி மரபணுச் சோதனை நிறுவனங்களைக் கூடுதல் கடமைகள் கொண்ட பட்டியலில் மத்திய அரசே சேர்க்க முடியும். அதற்கு அவையின் ஒப்புதல் வேண்டியதில்லை. அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும்.